கோம்பை நாய்க்கு வம்சம் உண்டு, கோம்பைத் தேனீக்கு?

வெளியூரில் யாரிடமாவது கோம்பை என்று சொன்னால் பாதிப் பேர் நாயைப் பற்றித்தான் கேட்பார்கள். செம்பழுப்பு உடம்பு, கருத்த மூஞ்சி, லேசில் அடங்காத குணம். குட்டி வாங்க வருகிறவரிடம் விலை பேசுவதற்கு முன்னாலேயே தாய் யார் வீட்டு நாய், தகப்பன் யார் தோட்டத்து நாய் என்ற பேச்சு வந்துவிடும். நாய் விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் வம்சாவளி பார்ப்பதில் கெட்டிக்காரர்கள்.

அதே ஊரில், தென்னந்தோப்புக்குள் எட்டுத் தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன். தொழில் இல்லை, பொழுதுபோக்குதான். தேன் கிலோ என்ன விலை, கொட்டாதா, கலப்படமா நல்லதா என்று கண்டுபிடிப்பது எப்படி என்றெல்லாம் கேட்டவர்கள் நிறையப் பேர். "இந்த ராணி யார் வழி வந்தது?" என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. நான் புரட்டிப் பார்த்த தேனீ வளர்ப்புக் கையேடுகளும் அந்தக் கேள்வியைச் சீக்கிரம் கடந்துவிடுகின்றன. அவற்றில் வரலாறு என்றால் பெட்டியின் வரலாறுதான். யார் கண்டுபிடித்தார், யார் கொண்டுவந்தார், எத்தனை சட்டம். ராணியின் பக்கமிருந்து அந்தக் கதையைப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்று கொஞ்ச நாளாகக் குறிப்பெடுத்து வந்தேன். அதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், எந்தத் தேனீ என்று சொல்லிவிடுகிறேன். பாறையிலும் உயர்ந்த மரத்திலும், இப்போது தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும், ஒரே பெரிய அடையாகக் கட்டித் தொங்குவது மலைத்தேனீ. அதைப் பெட்டியில் வைக்க முடியாது. வேலிக் கொம்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கட்டுவது கொம்புத்தேனீ. சுவர் இடுக்கில் இருக்கும் கொசுத்தேனீக்குக் கொடுக்கே இல்லை. மரப்பொந்திலும் புற்றிலும் பல அடைகளை அடுக்கடுக்காகக் கட்டுவது அடுக்குத்தேனீ, அதாவது இந்தியத் தேனீ. அறிவியல் பெயர் ஏபிஸ் செரானா. பெட்டிக்குப் பழகியது இதுதான். பழகியது என்ற சொல்லைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எழுதுகிறேன். காரணம் கீழே வருகிறது.

ராணி என்ற பேரே ஒரு வகையில் ஏமாற்று. அவள் யாரையும் ஆள்வதில்லை, முட்டை வைக்கிறாள். ஒரு கூட்டத்தில் இருக்கும் ஆயிரக்கணக்கான வேலைக்காரத் தேனீக்களும் ஆண் தேனீக்களும் அவள் ஒருத்தியின் பிள்ளைகள். இது ஐரோப்பியர்களுக்கே தெளிவாகப் புரிய ரொம்ப காலம் ஆனது. அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து அதை 'ராஜா' என்றே எழுதி வந்தார்கள். கூட்டத்தை ஆள்வது பெண் என்று சார்லஸ் பட்லர் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1609-ல் ஒரு புத்தகமே எழுதினார். அதற்குப் பல வருஷம் கழித்து டச்சுக்காரர் ஸ்வாமர்டாம் நுண்ணோக்கியை வைத்து அறுத்துப் பார்த்து, உள்ளே சினைப்பைகள் இருப்பதைக் காட்டினார். ராணி இணைசேர்வது கூட்டுக்குள் அல்ல, வெளியே பறந்துபோய்த்தான் என்பதை 1771 வாக்கில் எழுதியவர் ஆன்டன் யான்ஷா. ஸ்லோவேனிய விவசாயிக் குடும்பத்தில் பிறந்து, வியன்னாவில் மகாராணி மரியா தெரேசா தொடங்கிய தேனீப் பள்ளிக்கு ஆசிரியரானவர். அதைச் சோதனைகளால் உறுதிப்படுத்தி 1792-ல் புத்தகமாக வெளியிட்ட ஸ்விட்சர்லாந்துக்காரர் பிரான்சுவா ஹூபருக்குக் கண் பார்வை கிடையாது. பூர்னன்ஸ் என்ற அவருடைய வேலையாள் பார்த்துச் சொல்லச் சொல்ல, இவர் யோசித்து அடுத்த சோதனையைச் சொல்வார். தேனீ ஆராய்ச்சியில் எனக்கு ரொம்பப் பிடித்த ஜோடி இது.

இந்த வெளியே பறக்கிற சமாச்சாரம்தான் நம் கேள்விக்கு முக்கியம். கன்னி ராணி பிறந்த சில நாளில், வெயில் நல்லா இருக்கிற ஒரு பிற்பகலில் கிளம்பிப் போகிறாள். மரத்தலைகளுக்கு மேலே, பல கூட்டங்களிலிருந்து வந்து சுற்றிக்கொண்டிருக்கும் ஆண் தேனீக்களுக்கு நடுவில் போய் விழுகிறாள். ஒரு டஜனுக்கும் மேற்பட்ட ஆண்களோடு சேர்ந்துவிட்டுத் திரும்புகிறாள். அந்தச் சில பறத்தல்களோடு சரி. அன்றைக்கு வாங்கிச் சேர்த்த விந்தை வயிற்றில் ஒரு சின்னப் பையில் வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க முட்டை வைப்பாள். அப்புறம் அவள் வெளியே போவது கூட்டம் பிரியும்போதோ, கூட்டோடு ஓடும்போதோதான்.

நாயைக் கட்டிப்போடலாம். மாட்டைப் பட்டியில் அடைக்கலாம். வானத்தில் நடக்கிற கல்யாணத்துக்கு நாம் மாப்பிள்ளை பார்க்க முடியாது. என் பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு வேலைக்காரத் தேனீக்கும் தாய் யாரென்று எனக்குத் தெரியும். தகப்பன் ஊருக்கு மேற்கே மலைச்சரிவில் ஏதோ ஒரு மரப்பொந்தில் பிறந்தவனாக இருக்கலாம். பக்கத்துத் தோப்பின் கிணற்றுச் சுவரில் பிறந்தவனாகவும் இருக்கலாம். பழகியது என்ற சொல்லில் எனக்குச் சந்தேகம் இதனால்தான். பெட்டி என்னுடையது, உள்ளே இருப்பதில் பாதி காட்டுடையது.

நம் பக்கத்தில் தேன் எடுத்த வரலாற்றுக்குப் பெட்டி தேவைப்பட்டதே இல்லை. பாரியின் பறம்பு மலையில் உழாமல் விளைகிற நான்கைக் கபிலர் புறநானூற்றில் பட்டியல் போடும்போது தேனும் அதில் ஒன்று. மூங்கில் அரிசி, பலா, வள்ளிக்கிழங்கு, தேன். முற்றுகை போட்டாலும் அந்த மலையைப் பட்டினி போட முடியாது என்பது அதன் கணக்கு. எங்கள் மாவட்டத்து மலைகளில் பளியர்கள் மலைத்தேன் எடுப்பது அந்த மரபின் தொடர்ச்சிதான். சமவெளியில் அடுக்குத்தேனீயைப் பானையிலோ குடைந்த கட்டையிலோ குடியேற்றி, வேண்டும்போது அடையைப் பிய்த்து, துணியில் வைத்துப் பிழிவார்கள். தேனோடு புழுவும் நசுங்கும், கூட்டமும் பெரும்பாலும் போய்விடும். அடுத்த வருஷம் காட்டிலிருந்து இன்னொன்று வந்து குடியேறும். மோசமான முறை என்று எல்லாக் கையேடும் திட்டும், சரிதான். ஆனால் அந்த முறை ஒரு விஷயத்தை நம்பி இருந்தது: காட்டில் எப்போதும் கூட்டம் இருக்கும் என்பதை.

இனி பெட்டி. 1851-ல் அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத் ஒரு சின்ன இடைவெளியைக் கவனித்தார். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஏறக்குறைய ஒன்பது மில்லிமீட்டர் விட்டால் தேனீ அதை வழியாக விட்டுவைக்கும். குறைந்தால் பிசின் வைத்து அடைக்கும், கூடினால் அடை கட்டும். இந்த ஒரு அளவால்தான் அடையை உடைக்காமல் சட்டத்தோடு வெளியே எடுத்துப் பார்த்துத் திரும்ப வைக்க முடிந்தது. இந்தியாவில் 1880-களில் வங்காளத்திலும் பஞ்சாபிலும் அந்த மாதிரிப் பெட்டிகளை வைத்துப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. நம் தேனீ உருவத்தில் சின்னது. வேலைக்காரத் தேனீ பிறக்கும் அறையின் அகலம் ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவு. கூட்டமும் சின்னது. ஐரோப்பியப் பெட்டி அதற்கு ஆளில்லாத அரண்மனை மாதிரி.

அதைச் சரிசெய்தவர் தென்னிந்தியாவில் இருந்த இயேசு சபைப் பாதிரியார் நியூட்டன். நம் தேனீயின் அளவுக்குச் சிறிய பெட்டி ஒன்றை வடிவமைத்து, 1911 முதல் 1917 வரை கிராமத்து ஆட்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். கீழே ஏழு சட்டம் கொண்ட புழு அறை, மேலே உயரம் குறைந்த தேன் அறை. இன்றைக்கும் தமிழ்நாட்டில் நியூட்டன் பெட்டி என்றுதான் கேட்டு வாங்குகிறோம். நூறு வருஷம் தாண்டியும் பெரிதாக மாறவில்லை.

பிறகு மார்த்தாண்டம். அப்போது அது திருவிதாங்கூரில் இருந்தது. 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் அங்கே கிராம மறுமலர்ச்சி மையம் நடத்திய அமெரிக்கர் ஸ்பென்சர் ஹாட்ச், கோழி வளர்ப்போடு தேனீ வளர்ப்பையும் சொல்லிக் கொடுத்தார். ரப்பர் தோட்டங்கள் வளர வளர அந்தத் தொழிலும் வளர்ந்தது. ரப்பரில் தேன் சுரப்பது பூவில் அல்ல, தளிர் இலைக் காம்பின் நுனியில். மார்த்தாண்டம் தேன் என்ற பேர் அப்படி வந்தது. 1928-ல் வேளாண்மைக்கான ராயல் கமிஷன் இதைக் குடிசைத் தொழிலாகச் சிபாரிசு செய்தது, காந்தியின் கிராமத் தொழில் இயக்கம் கையிலெடுத்தது, சுதந்திரத்துக்குப் பிறகு கதர் கிராமத் தொழில் ஆணையம். காதிக்கடைத் தேன் பாட்டில் தெரியாத தமிழர் உண்டா?

இவ்வளவிலும் ராணி எங்கே? பயிற்சிகளில் அவளுக்கு ஒரு பாடம் உண்டு. மழைக்காலம் முடிந்து கூட்டம் பெருக்கும்போது அடையின் அடி விளிம்பில் நிலக்கடலை மாதிரித் தொங்கும் ராணி அறைகளைப் பார். கூட்டம் பிரியப் போகிறது என்று அர்த்தம். ஒன்று, அறையைக் கிள்ளு. இல்லையென்றால் நீயே பிரித்து இரண்டாக்கு. பிரித்த பாதியில் ராணி இல்லாவிட்டாலும் முட்டையும் பிஞ்சுப் புழுவும் இருந்தால் போதும், அவைகளே ஒரு புழுவுக்கு அரசக் கூழ் ஊட்டி ராணியாக்கும். முட்டையிலிருந்து ராணி வெளியே வர 15, 16 நாள். நானும் இப்படித்தான் செய்கிறேன்.

இதில் ஒரு அவசரம் இருக்கிறது. நம் தேனீயிடம் ராணி போய்விட்டால் வேலைக்காரத் தேனீக்களே சீக்கிரம் முட்டை வைக்க ஆரம்பித்துவிடும். ஐரோப்பியத் தேனீயைவிட இதற்கு அவசரம் அதிகம். அந்த முட்டையில் கரு சேர்ந்திருக்காது என்பதால் அத்தனையும் ஆண். ஒரே அறையில் மூணு நாலு முட்டை தாறுமாறாகக் கிடந்தால் "அண்ணே, பெட்டி முடிஞ்சுச்சு" என்று பழகினவர்கள் சொல்லிவிடுவார்கள். ஓடுகிற பழக்கமும் உண்டு. எறும்பு ஏறினால், மெழுகு அந்துப்பூச்சி அடையைத் துளைத்தால், பூவில்லாத மாதத்தில் தேனையெல்லாம் நாமே எடுத்துவிட்டால், ராணியோடு மொத்தக் கூட்டமும் ஒரு மத்தியானத்தில் எழுந்து போய்விடும். ஆக, நம் ஊர்த் தேனீ வளர்ப்பில் திறமை என்பது ராணியைக் காப்பாற்றுவதும் கூட்டத்தைத் தக்கவைப்பதும்தான். நல்ல ராணியைத் தேர்ந்தெடுத்து அவள் வழியைப் பெருக்குவது வேறொரு வேலை. 1889-லேயே அமெரிக்காவில் டூலிட்டில் என்பவர் மெழுகுக் கிண்ணத்தில் புழுவை எடுத்து வைத்து நூற்றுக்கணக்கில் ராணி வளர்க்கும் முறையை எழுதிவிட்டார். இங்கே அது ஆராய்ச்சி நிலையங்களைத் தாண்டிப் பெரிதாக வரவில்லை. காட்டிலிருந்து பிடித்தால் ஆயிற்று என்றிருந்தோம்.

அப்புறம் 1991 வந்தது.

தாய் சாக் புரூட் என்ற வைரஸ் நோய். தாய்லாந்தில் 1976-ல் அடையாளம் காணப்பட்டது, 1978-ல் மேகாலயாவில் தென்பட்டது, 1991-92-ல் தெற்கே வந்து இறங்கியது. வளர்ந்த தேனீக்கு ஒன்றும் ஆகாது. புழு மட்டும் கூட்டுப்புழு ஆவதற்கு முன்னால் செத்து, தலை தூக்கிய நிலையில், நீர் கோத்த பை மாதிரி ஆகிவிடும். பிறப்பு நின்றதால் கூட்டம் தேய்ந்துகொண்டே போய் ஒரு நாள் பெட்டி காலி. கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு மூன்றிலும் பெட்டியில் இருந்த இந்தியத் தேனீக் கூட்டங்களில் 90 சதவீதத்துக்கு மேல் அழிந்தன என்பது ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு. மார்த்தாண்டம் பக்கம் பெட்டிகளை விறகாக்கியதைச் சொல்லும் வயசாளிகள் இன்னும் இருக்கிறார்கள். மருந்து அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. செய்யக்கூடியதும் ராணி வழியாகத்தான்: அவளைக் கொஞ்ச நாள் கூண்டில் அடைத்தோ எடுத்துவிட்டோ முட்டையை நிறுத்தினால், புழு இல்லாமல் நோயின் சங்கிலி அறுபடும்.

இதே மாதிரி ஒரு அழிவு இங்கிலாந்திலும் நடந்திருக்கிறது. 1900-களின் தொடக்கத்தில் வைட் தீவில் ஆரம்பித்த நோய் பிரிட்டன் முழுக்கப் பரவியது. பக்ஃபாஸ்ட் மடத்தில் இருந்த 46 கூட்டங்களில் 30 செத்து 16 மட்டும் மிஞ்சின. மிஞ்சியவை இத்தாலிய ராணிகளின் வழி வந்தவை என்பதை அங்கிருந்த இளந்துறவி ஆடம் கவனித்தார். 1925-ல் டார்ட்மூர் பொட்டல்வெளியில், வேறு தேனீயே இல்லாத இடத்தில், ராணிகள் இணைசேர்வதற்கென்றே ஒரு நிலையம் அமைத்தார். தாயையும் தேர்ந்தெடுத்தார், தகப்பனையும் தேர்ந்தெடுத்தார். 1996-ல் இறக்கும்வரை அவர் பேர் சொன்னால் தேனீ உலகில் வம்சாவளிப் புத்தகம்தான் ஞாபகத்துக்கு வரும். கோம்பை நாய்க்காரர்களுக்கு அவரை ரொம்பப் பிடித்திருக்கும்.

நாம் என்ன செய்தோம்? பலர் இத்தாலியத் தேனீக்கு மாறினார்கள். அது இந்தியாவுக்கு நிலையாக வந்த கதையும் ராணிக் கதைதான். 1962-ல் காங்ரா பள்ளத்தாக்கின் நக்ரோட்டா பக்வானில் அட்வால் முதலிய பஞ்சாப் விஞ்ஞானிகள் இத்தாலிய ராணிகளை இந்தியத் தேனீக் கூட்டத்துக்குள் விட்டுப் பழக்கினார்கள். ராணியைப் பணிப்பெண்கள் சிலரோடு தீப்பெட்டி அளவுக் கூண்டில் தேசம் விட்டுத் தேசம் அனுப்பலாம், முழுக் கூட்டத்தை அனுப்புவது கஷ்டம். அன்னிய ராணி வைத்த முட்டையை இந்தியச் செவிலிகள் வளர்த்தார்கள். அந்தத் தேனீ பெட்டிக்கு 25, 30 கிலோ தரும். நம்முடையது 5 முதல் 10. வருமானத்துக்குச் செய்கிறவர் எதை எடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதைப் பூ இருக்கும் ஊருக்கெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு அலைய வேண்டும், வரோவா உண்ணிக்கு மருந்து வைக்க வேண்டும். வரோவா முதலில் நம் தேனீயின் உண்ணிதான். ஆண் புழுக்களில் மட்டுமே பெருகும், இவை அதைக் கடித்து வெளியே தள்ளும், இரண்டும் எப்படியோ ஒத்து வாழ்ந்தன. இத்தாலிக்காரிக்கு அந்த அனுபவம் இல்லை.

இந்தியத் தேனீயும் திரும்பி வந்தது. சில வருஷங்களில் பொந்துகளில் மறுபடி கூட்டங்கள் தென்பட்டன, பெட்டிகளும் நிறைந்தன. சில ஆராய்ச்சி நிலையங்கள் தப்பிப் பிழைத்த கூட்டங்களைப் பெருக்கின, உண்மை. ஆனால் பெரும்பங்கு வேலையை யார் செய்தது என்று கேட்டால் என் பதில் காடு. நோய் தாங்காத ராணி வழி செத்தது, தாங்கியது பிரிந்து பெருகியது. தாங்கிய கூட்டத்து ஆண்கள் பறந்துபோய், தப்பிய மற்ற ராணிகளோடு சேர்ந்தார்கள். பிரதர் ஆடம் டார்ட்மூரில் நோட்டுப்புத்தகம் வைத்துச் செய்ததை இங்கே மேற்குத்தொடர்ச்சி மலை கணக்கு வழக்கில்லாமல் செய்தது. பானையில் தேன் பிழிந்தவர் எதை நம்பினாரோ, அதை நம்பித்தான் நியூட்டன் பெட்டியும் பிழைத்தது.

எனக்குக் கவலை தருவது இந்த இடம். எங்கள் ஊருக்கு மேற்கே சுவர் மாதிரி நிற்கிற மலையின் உச்சி ராமக்கல்மேடு, அதற்கு அப்பால் ஏலக்காய்த் தோட்டங்கள். எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து விடிகாலையில் ஜீப் ஜீப்பாகக் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக வேலைக்குப் போவது அங்கேதான். ஏலப்பூ காலையில் விரிந்து அன்றைக்கே வாடிவிடும். அதற்குள் தேனீ வந்தால்தான் காய். வருவது பெரும்பாலும் இந்தியத் தேனீயும் மலைத்தேனீயும். அதே செடிக்குத்தான் வருஷம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பூச்சிமருந்து அடிக்கிறார்கள். பொந்துள்ள கிழட்டு மரத்தை நிழலுக்கு ஆகாது என்று வெட்டுகிறார்கள். கீழே திராட்சைத் தோட்டத்திலும் மருந்துதான், ஆனால் பன்னீர் திராட்சை காய்க்கத் தேனீ தேவையில்லை என்பதால் அங்கே யாருக்கும் உறுத்தாது. ஏலத்தில் அப்படி இல்லை, அடிக்கிறவருக்கே நஷ்டம். என் ராணிகளுக்கு மாப்பிள்ளைகள் வளர்வதும் அந்தச் சரிவில்தான். பெட்டியை எத்தனை லட்சம் மானியத்தில் கொடுத்தாலும் அந்தப் பாதி பெட்டிக்குள் பிறப்பதில்லை.

வியாபாரத்துக்காகக் காட்டுக் கூட்டங்களைப் பிடித்து வெளி மாவட்டத்துக்கு விற்பதும் எனக்கு உடன்பாடில்லை. நோய் தாங்கிய வழியை மலையிலிருந்து உருவி, எறும்புக்குத் தண்ணீர்க் கிண்ணம்கூட வைக்காத ஒருவர் மொட்டைமாடியில் சாகக் கொடுக்கிறோம்.

என் அளவில் செய்வது சின்ன வேலைதான். 1-லிருந்து 8 வரை பெட்டிக்கு எண் போட்டு நோட்டு வைத்திருக்கிறேன். எந்தப் பெட்டியிலிருந்து பிரித்தது, ராணி என்றைக்கு வெளியே வந்தாள், புழுவில் நோய் தெரிந்ததா, ஓடுகிற குணம் உண்டா. தை மாதத்தில் பிரிக்கும்போது 3-ம் எண்ணிலிருந்து மட்டும் எடுக்கிறேன், அந்த வழியில் இதுவரை புழு சாகவில்லை. ஆண் புழு அடையைப் பலர் உபயோகமில்லை என்று அறுத்துப் போடுவார்கள். நான் 3-ல் அதை விட்டுவைக்கிறேன். நம் தேனீயின் ஆண் அறை மூடியில் ஊசி குத்தினது மாதிரி ஒரு துளை இருக்கும், பார்த்தாலே தெரிந்துவிடும். அவன்களும் அந்தச் சரிவுக்குப் பறந்து போகட்டும் என்றுதான். நோட்டில் தாய் என்ற கட்டம் நிறைந்திருக்கிறது. தகப்பன் என்ற கட்டத்தில் எல்லாவற்றுக்கும் 'மேற்கு' என்று எழுதியிருக்கிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் 1991-க்கு முன்னால் பெட்டி வைத்திருந்த வீடுகள் எவை, அவர்களுக்குக் கூட்டம் எங்கிருந்து வந்தது என்று அடுத்துக் கேட்கப் போகிறேன். உத்தமபாளையம், தேவாரம் பக்கம் இரண்டு பெரியவர்கள் பேசச் சம்மதித்திருக்கிறார்கள்.